கோடையில் வியர்க்குரு, பங்குனியில் அம்மை: கூகுள் தேடல் எதைக் காட்டுகிறது?

கேள்வி இதுதான்: தோல் நோய்களைப் பற்றிய கூகுள் தேடல்கள் வருடாவருடம் ஏறக்குறைய ஒரே மாதங்களில் ஏறி, ஒரே மாதங்களில் இறங்குகின்றன. அந்தந்த மாதத்தில் நோயும் கூடிக் குறைகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

சில நோய்களுக்கு எடுத்துக்கொள்ளலாம். பலவற்றுக்குக் கூடாது. ஒருவர் தேடுவதற்கு அவருக்குப் புதிதாக நோய் வந்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஏற்கெனவே இருப்பது கண்ணில் பட்டாலும் தேடுவார். யாராவது நினைவூட்டினாலும் தேடுவார். கிராஃபில் தெரியும் ஒவ்வொரு மேட்டிலும் இந்த மூன்றும் கலந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரிப்பதுதான் வேலை.

முதலில் அந்த எண் என்னவென்று பார்த்துவிடலாம். கூகுள் டிரெண்ட்ஸ் 2006-ல் வந்தது, 2004 ஜனவரியிலிருந்து தரவு தருகிறது. அது காட்டும் 0 முதல் 100 வரையிலான எண், எத்தனை பேர் தேடினார்கள் என்ற கணக்கு அல்ல. ஓர் இடத்தில் ஒரு வாரத்தில் நடந்த மொத்தத் தேடல்களில் இந்தச் சொல்லின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறார்கள். நீங்கள் கேட்ட காலத்தில் அந்தப் பங்கு உச்சத்தில் இருந்த வாரத்துக்கு 100 கொடுத்து, மற்ற வாரங்களை அதற்கேற்ப அளக்கிறார்கள். அதுவும் எல்லாத் தேடலையும் எண்ணி அல்ல, ஒரு மாதிரியை எடுத்து. அதனால்தான் ஒரே கிராஃபை இன்றும் அடுத்த வாரமும் இறக்கிப் பார்த்தால் எண்கள் கொஞ்சம் மாறியிருக்கும், குறிப்பாகத் தேடல் குறைவான சொற்களுக்கு. 0 என்று வந்தால் யாருமே தேடவில்லை என்று பொருளில்லை, கணக்கில் காட்டும் அளவுக்கு இல்லை என்றுதான் பொருள்.

பங்கு என்பதால் ஒரு சிக்கல் உண்டு. தேர்தல் முடிவு வரும் வாரத்தில் ஊரே வேறெதையோ தேடும். சொறி வந்தவர்கள் வழக்கம்போலத் தேடியிருந்தாலும் 'சொறி' கிராஃபில் சரியும். உச்சத்துக்கு 100 என்பதால் இன்னொரு சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2022 ஜூலை 23 அன்று குரங்கம்மையைப் பன்னாட்டு அவசரநிலையாக அறிவித்தது. அதற்குச் சில நாள் முன்புதான் இந்தியாவின் முதல் நோயாளி கேரளத்தில், கொல்லத்தில் கண்டறியப்பட்டிருந்தார். அந்த ஒரு மாதத் தேடல் கிளம்பிய உயரத்தில், குரங்கம்மையையும் சின்னம்மையையும் ஒரே கிராஃபில் போட்டால் சின்னம்மையின் வருடாந்தர அலை தரையோடு தரையாக நசுங்கிப்போகும். அலை இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. குரங்கம்மையை நீக்கிவிட்டுப் பாருங்கள், திரும்ப எழுந்து நிற்கும்.

சரி, நோய்களுக்கு வருவோம். தேடலும் நோயும் வெவ்வேறு என்பதைக் காட்ட எனக்குப் பிடித்த உதாரணம் கால் நகப் பூஞ்சை. அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளில் இதற்கான தேடல் கோடையில் ஏறுகிறது. ஆனால் கால் கட்டைவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும், முழுதாகப் புதுநகம் வர ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். அந்த வேகத்தில் நகரும் ஒரு நோய் மே மாதம் கிளம்பி செப்டம்பரில் அடங்க வழியே இல்லை. நடப்பது என்னவென்றால், குளிர்காலம் முழுக்க சாக்ஸுக்குள் கிடந்த பாதம் செருப்புக்கு மாறும் மாதம் அது. மஞ்சளாகத் தடித்த நகம் அப்போதுதான் கண்ணில் படுகிறது. அடுத்தவர் கண்ணிலும் படும் என்ற கவலை வேறு. வருடம் முழுக்கச் செருப்பு போடும் நம் ஊரில் இதே தேடலுக்கு இந்தக் காரணம் பொருந்தாது.

இதற்கு நேர் எதிர்முனை, தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ். வெயில் பட்டால் பலருக்கு இது தணியும். புற ஊதாக் கதிர், தோலில் அழற்சியைக் கிளப்பும் நோய் எதிர்ப்பு அணுக்களை அடக்குகிறது. மருத்துவமனையில் 311 நானோமீட்டர் அலைநீளக் கதிரைக் காட்டிச் சிகிச்சை செய்வதும் இதே அடிப்படையில்தான். எனவே குளிரும் வறட்சியும் இருட்டும் சேர்ந்த மாதங்களில் நோய் முற்றும் என்று எதிர்பார்க்கலாம். அமெரிக்காவில் தேடல் குளிர்காலக் கடைசியிலும் வசந்தத் தொடக்கத்திலும்தான் உச்சம் தொடுகிறது, கோடையில் இறங்குகிறது. ஆஸ்திரேலியாவில் இது தலைகீழ், ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளி.

இந்தத் 'தலைகீழ்' சோதனைதான் இத்துறையில் இருப்பவர்கள் முதலில் செய்வது. ஒரு மேடு வட கோளத்திலும் தென் கோளத்திலும் ஆறு மாத இடைவெளியில் வந்தால் அதன் பின்னால் வெயிலோ குளிரோ இருக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதத்தில் வந்தால் நாள்காட்டியோ செய்தியோ இருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனையைத் தாண்டிவிட்டாலே நோய்தான் ஏறுகிறது என்று ஆகிவிடாது. தோல் புற்றுநோயை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோளங்களிலும் அவரவர் கோடையை ஒட்டித்தான் தேடல் கூடுகிறது. சோதனையில் தேறிவிட்டது. ஆனால் வெயில் தோல் அணுவைக் கெடுப்பதற்கும் புற்று கண்ணுக்குத் தெரிவதற்கும் இடையே பெரும்பாலும் பல ஆண்டுகள், பல நேரம் பத்தாண்டுகள் ஓடிவிடும். போன மாதம் கடற்கரையில் படுத்ததற்கு இந்த மாதம் மெலனோமா என்ற தோல் புற்று வராது. கோடையில் சட்டையைக் கழற்றுகிறார்கள், முதுகில் இருக்கும் மச்சத்தை வீட்டில் யாரோ பார்க்கிறார்கள். அப்புறம் அமெரிக்காவில் மே மாதம் தோல் புற்றுநோய் விழிப்புணர்வு மாதம், பத்திரிகையும் தொலைக்காட்சியும் அதையே பேசும். இத்தனையும் சேர்ந்ததுதான் அந்த மேடு. அதை வீண் என்று சொல்லவில்லை. மக்கள் எப்போது காதுகொடுப்பார்கள் என்று தெரிந்தால் பரிசோதனை முகாமை அப்போது வைக்கலாம். நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் அதிலிருந்து எடுக்கக்கூடாது.

முடி உதிர்வு, சொரியாசிஸுக்கும் தோல் புற்றுநோய்க்கும் நடுவில் நிற்கிறது. முடியும் தோல் மருத்துவர் பாடுதானே. ஆங்கிலம் பேசும் எட்டு நாடுகளின் தேடலை 2004 முதல் 2016 வரை ஆராய்ந்தபோது, வட, தென் கோளம் இரண்டிலும் கோடையிலும் இலையுதிர் காலத்திலும் முடி உதிர்வுத் தேடல் கூடியிருந்தது. வெறும் பயமாக இருக்கலாம் என்று தள்ளிவிட முடியாதபடி இதற்கு வேறொரு சான்று முன்பே இருந்தது. சுவிட்சர்லாந்தில் 800-க்கும் மேற்பட்ட பெண்களின் முடிவேரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009-ல் வெளியானது. உதிரப்போகும் ஓய்வுநிலையில் இருக்கும் முடியின் பங்கு ஜூலையில் உச்சத்தில் இருந்ததை அது காட்டியது. ஓய்வுநிலைக்குப் போன முடி விழ ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். கணக்கு இலையுதிர் காலத்தில் வந்து நிற்கிறது. தேடல் சொல்வதும் வேர் சொல்வதும் ஒத்துப்போகின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்தியாவின் கிராஃபைத் திறப்பவர்கள் செய்யும் வழக்கமான பிழை, நாடு முழுவதையும் ஒன்றாகப் பார்ப்பது. உதடு வெடிப்பு, தோல் வறட்சி என்று டிசம்பர், ஜனவரியில் எழும் இந்திய மேடு பெரும்பாலும் டெல்லி, பஞ்சாப், உத்தரப் பிரதேசக் குளிரின் மேடு. சென்னையில் மார்கழியில் பித்தவெடிப்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். மழையும் அப்படியே. மற்ற மாநிலங்களுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை, தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருவதற்குத் தண்ணீரில் ஊறும் கால் போதும். அந்தக் காலம் மும்பையில் ஒன்று, நாகப்பட்டினத்தில் வேறொன்று. டிரெண்ட்ஸில் மாநிலம் வாரியாகப் பிரிக்கும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் எழுதப்படும் 'இந்தியர்களின் தோல் தேடல்' கட்டுரைகளை நான் பாதியிலேயே மூடிவிடுவேன்.

வியர்க்குருவுக்கு மட்டும் இந்தக் குழப்பம் குறைவு. வியர்வைக் குழாய் அடைபட்டு வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதால் வருவது அது. நாடு முழுக்க ஏப்ரல், மே மாதங்களில் தேடல் ஏறும், நோயும் ஏறும். நம் ஊரில் கத்திரி வெயிலோடு சேர்ந்து வரும். ஆனால் பவுடர் விளம்பரங்களும் அதே வேளையில்தான் தொடங்குகின்றன. விளம்பரம் பார்த்துத் தேடியவரையும் முதுகு அரித்துத் தேடியவரையும் கிராஃப் பிரித்துக் காட்டாது. வேலூர், கரூர் வெயிலைவிடக் கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாமல் நிற்பதுதான் இதற்கு உரம். இதை மாவட்ட அளவில் தேடலில் பார்க்க ஆசைதான், அந்த அளவு நுணுக்கமான தரவு அங்கே நம்பும்படி கிடைப்பதில்லை.

படர்தாமரை இப்போது தனிக் கதை. வியர்வையும் ஈரமும் இறுக்கமான உடையும் சேரும் மாதங்களில் வந்து, குளிரில் தணிவது என்று பாடப்புத்தகத்தில் படித்த நோய். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியத் தோல் மருத்துவர்கள் வருடம் முழுக்கப் பார்க்கிறார்கள். மருந்துக்குச் சரியாக அடங்காத ஒரு பூஞ்சை பரவியிருக்கிறது. 2020-ல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினே என்று இந்தியாவைக் குறிக்கும் பெயரே வைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், மருந்துக்கடையில் கேட்டதும் கொடுக்கப்படும், ஸ்டீராய்டு கலந்த களிம்பு. அது அரிப்பை உடனே அடக்கும், பூஞ்சையை உள்ளே வளரவிடும். 2018-ல் அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கடைகளில் கிடைக்காமல் போகவில்லை.

இப்படிப்பட்ட நோயில் பருவ அலையைப் படிப்பது கடினம். ஏப்ரலில் ஒருவர் தேடுவது புதிதாக வந்ததற்காகவா, ஜனவரியில் களிம்பு போட்டு அமுங்கி இப்போது மறுபடி கிளம்பியதற்காகவா? அலையின் அடிமட்டம், அதாவது நோய் குறைய வேண்டிய மாதங்களில் நிற்கும் அளவு, வருடாவருடம் உயர்கிறதா என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதைச் சொல்வதிலும் எச்சரிக்கை வேண்டும். 2004-ல் இணையத்தில் இருந்த இந்தியர்களும், 2016-க்குப் பிறகு மலிவான செல்பேசி டேட்டாவோடு வந்தவர்களும் ஒரே கூட்டம் இல்லை. ஒரே ஆண்டுக்குள் மாதத்தோடு மாதம் ஒப்பிடுவதை ஓரளவு நம்பலாம். பதினைந்து ஆண்டுப் போக்கை நம்புவது சிரமம்.

தேடலை அளவுக்கு மீறி நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கூகுளே பாடம். 2008-ல் ஃப்ளூ டிரெண்ட்ஸ் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தேடலை வைத்தே காய்ச்சல் பரவலை அரசு அறிக்கைக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்பது திட்டம். 5 கோடி தேடல் சொற்களிலிருந்து காய்ச்சல் கணக்கோடு ஒத்துப்போன 45-ஐப் பொறுக்கினார்கள். பொறுக்கும்போது அமெரிக்க உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்து பற்றிய தேடலும் நன்றாக ஒத்துப்போனது. அந்த ஆட்டமும் காய்ச்சலும் ஒரே பருவத்தில் வருகின்றன, வேறொன்றுமில்லை. அதை விலக்கினார்கள். ஆனால் விலக்கப்படாமல் அதேபோல் எத்தனை ஒட்டிக்கொண்டிருந்தனவோ. 2009 பன்றிக்காய்ச்சலின் முதல் அலையைத் தவறவிட்டது, 2012-13 பருவத்தில் உண்மையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னது, 2015-ல் மூடிவிட்டார்கள். இரண்டு விஷயங்கள் ஒரே பருவத்தில் ஏறுவதாலேயே அவற்றுக்குள் தொடர்பு இருக்கிறது என்று ஆகாது. தோல் நோய்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் வெயிலோடோ குளிரோடோ சேர்ந்து ஏறும் தேடல்கள் ஏராளம்.

இவ்வளவு சந்தேகத்துக்குப் பிறகும் தேடலை நம்பலாம் என்று நான் சொல்லும் நோய் ஒன்று உண்டு, அது சின்னம்மை. காரணங்கள் பல. வந்தால் தெரியாமல் போகாது, கொப்புளத்தைப் பெரும்பாலும் பார்த்ததும் அடையாளம் காணலாம், வீட்டில் யாருக்காவது பார்த்தவர்கள் பெயரையும் சரியாகவே தேடுவார்கள். வாழ்நாளில் பெரும்பாலும் ஒரு முறைதான் வருவதால், பழைய நோயாளி மறுபடி மறுபடித் தேடும் குழப்பம் இல்லை. எல்லாவற்றையும்விட, பல நாடுகளில் இதை அரசுக்கு அறிவிக்கும் கட்டாயம் இல்லை. அதனால் ஒப்பிட வேறு கணக்கே இல்லாத இடத்தில் தேடல் உதவுகிறது.

2016-ல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்த ஓர் ஆய்வு, 30-க்கும் மேற்பட்ட நாடுகளின் சின்னம்மைத் தேடலைப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துப் பார்த்தது. வட கோளத்தில் மார்ச் முதல் மே வரை உச்சம், தென் கோளத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை. ஆஸ்திரேலியா, தாய்லாந்து போல அரசு நோயாளிக் கணக்கு வைத்திருக்கும் நாடுகளில் தேடலை அந்தக் கணக்கோடு பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தியது. அடுத்தது இன்னும் வலுவான சான்று. எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போடும் நாடுகளில் அந்த வருடாந்தர மேடு தணிந்திருந்தது. ஜெர்மனி 2004-ல் தடுப்பூசியைப் பொதுவாகப் பரிந்துரைத்தது, அதன் பிறகு அங்கே தேடலின் ஏற்ற இறக்கமும் மங்கியது. நாள்காட்டியோ விளம்பரமோ விழாவோ காரணமாக இருந்திருந்தால் ஊசி போட்டதும் அது இறங்கியிருக்காது.

தமிழ்நாட்டுக்கு இது நேரடியாகப் பொருந்தும். இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மை ஊசி இல்லை, பணம் கட்டித் தனியாரிடம் போட்டுக்கொள்வதுதான். எனவே பழைய பருவ அலை இங்கே முழு உயரத்தில் இருக்கிறது. தை, மாசியில் கிளம்பி வெயில் ஏறும்போது உச்சம் தொடும். மாரியம்மன் கோயில் திருவிழாக்களும் இதே மாதங்களில் நடப்பது தற்செயல் இல்லை என்பது என் கருத்து. அம்மை வந்த வீட்டில் இன்றும் பலர் மருத்துவரிடம் போவதில்லை. வாசலில் வேப்பிலை செருகுவார்கள், தாளிக்க மாட்டார்கள், விருந்தாளியை வரவேண்டாம் என்பார்கள், கடைசியில் தலைக்குத் தண்ணீர் விடுவார்கள். எனவே மருத்துவமனைக் கணக்கில் வருவது கொஞ்சம்தான். ஆனால் அந்த வீட்டு இளைஞர் ஒருவர் இரவில் செல்பேசியில் 'சிக்கன் பாக்ஸ் எத்தனை நாள் இருக்கும்' என்று தேடிவிடுவார். மருத்துவமனைக்கு எட்டாத அந்த வீடு தேடலில் தெரிகிறது. தமிழ்நாட்டில் சின்னம்மைக்குத் தேடலைத் துணைக்கணக்காகப் பயன்படுத்தலாம் என்று நான் சொல்வது இதனால்தான். நோயாளி ஓ.பி.க்கு வந்து நிற்கும் சிரங்குக்கோ கரப்பானுக்கோ இதே வாதம் செல்லாது.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. பெரியவர்களுக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல்வரை போகக்கூடும், கர்ப்பிணிகளுக்கு இன்னும் ஆபத்து. அசைக்ளோவிர் மாத்திரை கொப்புளம் கிளம்பிய 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அந்த முதல் நாள் இரவுத் தேடலில் நல்ல தமிழ்ப் பக்கம் ஒன்று கிடைத்தால் சிலர் மறுநாள் காலையே மருத்துவரிடம் போவார்கள். அப்படிப்பட்ட பக்கங்களைத் தை மாதத்துக்குள் தயாராக்கி வைக்க வேண்டும். ஏப்ரலில் எழுதினால் அலை பாதி போயிருக்கும்.

நீங்களே பார்ப்பதாக இருந்தால் குறைந்தது ஐந்து ஆண்டுத் தரவை, தமிழ்நாடு என்று சுருக்கி எடுங்கள். சொல்லாக மட்டும் போடாமல் 'தலைப்பு' என்று டிரெண்ட்ஸ் காட்டும் வகையையும் தேர்ந்தெடுங்கள். தமிழ் எழுத்தில், ஆங்கில எழுத்தில், தப்பும் தவறுமாகத் தட்டச்சு செய்ததை அது ஓரளவு ஒன்றாகச் சேர்க்கும். பக்கத்தில் தோலோடு சம்பந்தமே இல்லாத, அதே பருவத்தில் ஏறும் ஒரு சொல்லையும் போட்டுப் பாருங்கள், இளநீர் என்றோ ஏசி சர்வீஸ் என்றோ. இரண்டு கோடும் ஒட்டியே போனால், உங்கள் மேட்டிலிருந்து வெயில் காலம் என்பதற்கு மேல் அதிகம் எடுக்க முடியாது. ஒரே ஓர் ஆண்டில் மட்டும் எழுந்த கூரான முனைகளைச் செய்தித்தாளோடு ஒப்பிட்டு நீக்கிவிடுங்கள். யூடியூப் தேடலைத் தனியாகப் பாருங்கள், அதற்கும் டிரெண்ட்ஸில் வசதி உண்டு. கைவைத்தியம் தேடும் கூட்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கொஞ்ச நாளாகப் பலர் சொறியைப் படம்பிடித்துச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் நேரடியாகக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. இனி ஏதாவது ஒரு தோல் நோயின் மேடு தணிந்தால், நோய் குறைந்ததா, கேட்கும் இடம் மாறியதா என்பதை மருத்துவமனைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.